ரெண்டு பக்கமும் கரண்ட் வருதே

மார்கழி மாதம், காலை ஐந்தரை மணி. மன்னார்குடியில் அம்மா வீட்டுக் குளியலறையில் விளக்கு எரியவில்லை, ஹீட்டரும் ஓடவில்லை. மற்ற அறைகளில் எல்லாம் சரியாக இருந்தது. நான் எழுந்து வருவதற்குள் அம்மா அலமாரியிலிருந்து டெஸ்டரை எடுத்துவிட்டார். ஹீட்டர் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் 5 ஆம்பியர் பிளக்கின் வலது துளையில் விட்டார். எரிந்தது. இடது துளையில் விட்டார். அதிலும் எரிந்தது, வழக்கமாக அங்கே எரியாது.

"ரெண்டு பக்கமும் கரண்ட் வருதே. அப்புறம் ஏன்டா ஓட மாட்டேங்குது?"

நல்ல கேள்வி. நான் இயற்பியல் படித்தவன். ஓம் விதியை ஆய்வகத்தில் செய்து பார்த்து, வரைபடத்தாளில் நேர்கோடு போட்டு, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். வோல்ட் ஏறினால் ஆம்பியர் ஏறும், அவ்வளவுதான் அந்தக் கோடு சொல்வது. இங்கே வோல்ட் முழுசாக நிற்கிறது, அதுவும் இருக்கக்கூடாத இடத்தில்கூட நிற்கிறது, ஆனால் ஓட்டம் என்பது துளிகூட இல்லை.

டெஸ்டரை நான் வாங்கிக்கொண்டு ஹீட்டர் சுவிட்சை அணைத்தேன். இடது துளையில் டெஸ்டர் அணைந்துவிட்டது. சுவிட்சைப் போட்டேன், மறுபடி எரிந்தது. அணைத்தேன், அணைந்தது. அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படின்னா அந்தக் கரண்ட் ஹீட்டர் வழியாத்தான் வருதா?" என்றார். ஆமாம், ஹீட்டர் வழியாகத்தான் வந்தது. அன்று காலை நடந்த எல்லாவற்றுக்கும் விடை அந்த ஒரு வரியில் இருந்தது. அதைப் பிரித்துச் சொல்ல மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

நாம் பேச்சில் கரண்ட் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை வேலை வாங்குகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கரண்ட் போச்சு என்றால் சப்ளையே இல்லை. கரண்ட் கம்மியா வருது என்றால் வோல்டேஜ் குறைவு. கரண்ட் பில் என்றால் இரண்டு மாதத்தில் செலவழித்த யூனிட், அதாவது ஆற்றல். கரண்ட் அடிச்சிடுச்சு என்று சொல்லும்போது மட்டும்தான் அந்தச் சொல் தன் சொந்த அர்த்தத்துக்கு வருகிறது. உடம்பு வழியாக ஓடியது மின்னோட்டமேதான். இதில் தப்பு ஒன்றும் இல்லை, பேச்சுக்கு அது போதும். பழுது பார்க்கும்போதுதான் வோல்டேஜ், ஆற்றல், மின்னோட்டம் மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை வைத்து இதை எல்லோரும் விளக்குவார்கள். நானும் அங்கேதான் தொடங்குகிறேன், அது பாதி தூரம் வரை நல்ல துணை. தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வோல்டேஜ், மின்னழுத்தம். குழாயில் ஒரு நொடிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது கரண்ட், மின்னோட்டம். குழாய் எவ்வளவு குறுகல், எவ்வளவு நீளம், எவ்வளவு பாசி பிடித்திருக்கிறது என்பது மின்தடை. குழாய் திறக்காத நேரத்தில் ஓட்டம் இல்லை. ஆனால் தொட்டியின் உயரம் எங்கும் போய்விடவில்லை, அத்தனை அழுத்தமும் மூடிய குழாயின் வாயில் வந்து நிற்கிறது. இதுவரை சரி.

பொருந்தாத இடம் எது என்றால், குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும். ஒயரை வெட்டினால் எதுவும் கொட்டாது. சுற்று முழுமையாக இருந்தால்தான் ஓட்டம். போன வழிக்குத் திரும்பும் வழி வேண்டும். மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் ஒயரில் ஹீட்டருக்குள் எத்தனை ஆம்பியர் நுழைகிறதோ, அத்தனை ஆம்பியர் திரும்பும் வழியான நியூட்ரல் ஒயரில் திரும்ப வேண்டும். வழியில் ஹீட்டர் அதில் பாதியைக் குடித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஹீட்டர் எடுத்துக்கொள்வது அழுத்தத்தை, ஓட்டத்தை இல்லை. மின்சாரம் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: ஒற்றை வழிச் சுற்றில் ஓட்டம் எல்லா இடத்திலும் ஒன்றே, அழுத்தம்தான் வழியில் பங்கு பிரிகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த ஓட்டத்தில் எலக்ட்ரான்கள் ஓடிப்போவதும் இல்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் ஒரு ஆம்பியர் போகும்போது அவை நகரும் வேகம் நொடிக்கு 0.07 மில்லிமீட்டர் அளவுதான். நம் வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம் என்பதால், நொடிக்கு 50 முறை அங்கேயும் இங்கேயும் அசைகின்றன. கம்பிக்குள் ஏற்கெனவே நிறைந்திருக்கும் எலக்ட்ரான்கள் இருந்த இடத்திலேயே ஆடுகின்றன, அந்த ஆட்டத்திலேயே தண்ணீர் கொதிக்கிறது. முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆச்சரியம் இன்னும் தீரவில்லை.

அழுத்தம் பங்கு பிரிவதை நான் முதலில் பார்த்தது கோயில் திருவிழாவில். எங்கள் தெரு மாரியம்மன் கோயிலுக்கு ஆடியில் சீரியல் செட் போடுவார்கள். அந்தப் பெயரிலேயே பாடம் இருக்கிறது, எல்லாம் தொடரிணைப்பு. 6 வோல்ட் சிறு பல்புகள் நாற்பதை ஒரே வரிசையில் கோத்து நேராக மெயினில் கொடுத்துவிடுவார்கள். ஆளுக்கு ஆறு வோல்ட் வீதம் பிரிந்து, நாற்பதும் எரியும். ஒன்று ஃபியூஸ் போனால் வரிசை முழுக்க இருட்டு.

செட் போடுகிற அண்ணன் மூங்கில் ஏணியில் ஏறி, ஒவ்வொரு பல்பின் முனையிலும் டெஸ்டரை வைத்துக்கொண்டே போவார். எரியும், எரியும், எரியும், ஒரு இடத்தில் அணைந்துவிடும். எரிந்த கடைசி முனைக்கும் அணைந்த முதல் முனைக்கும் நடுவில் இருக்கும் பல்புதான் போனது. எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அது ஆறு வோல்ட் பல்புதானே, தொட்டால் என்ன என்று கேட்டேன். "எரியறப்போ அது ஆறு வோல்ட்டுடா. அணைஞ்சிருக்கறப்போ அது மேலே மொத்தமும் உட்கார்ந்திருக்கும்" என்றார்.

அதன் அர்த்தம் எனக்குப் புரியப் பல வருடம் ஆனது. ஓட்டம் இருக்கும்போது ஒவ்வொரு பல்பும் தன் மின்தடைக்கு ஏற்ப ஆறு ஆறு வோல்ட்டாக எடுத்துக்கொள்கிறது. ஒன்று அறுந்ததும் ஓட்டம் பூஜ்யம். ஓட்டம் பூஜ்யம் என்றால், ஓட்டத்தை மின்தடையால் பெருக்கி வரும் வோல்டேஜும் மற்ற முப்பத்தொன்பது பல்புகளில் பூஜ்யம். அப்படியானால் 230 எங்கே போகும்? அறுந்த அந்த ஒரு இடத்தின் இரண்டு முனைக்கு நடுவில் வந்து நிற்கும். அறுந்த இடம் எதுவோ அங்கேதான் அழுத்தம் முழுவதும் காத்திருக்கும்.

அம்மா வீட்டுக் குளியலறையில் நடந்ததும் இதேதான். சீரியல் செட்டில் பல்பு இருந்த இடத்தில் இங்கே ஹீட்டர் இருந்தது. ஃபேஸ் ஒழுங்காக வந்து ஹீட்டருக்குள் போய் மறுபக்கம் வெளியே வந்துவிட்டது. திரும்பும் நியூட்ரல் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. ஓட்டம் இல்லாததால் ஹீட்டர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே ஹீட்டருக்கு முன்னால் இருந்த 230 அப்படியே ஹீட்டருக்குப் பின்னாலும் வந்து, நியூட்ரல் துளையில், அதாவது அந்த இடது துளையில், நின்றது. டெஸ்டருக்குள் இருக்கும் நியான் விளக்கோடு ஏறக்குறைய பத்து லட்சம் ஓம் மின்தடை ஒன்று சேர்ந்திருக்கும். அது எரிய ஒரு மில்லி ஆம்பியர்கூட வேண்டாம். ஹீட்டரின் மின்தடை வெறும் 26 ஓம் சொச்சம், பத்து லட்சத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

இது ஆபத்தான நிலை. நியூட்ரல்தானே என்று யாராவது அந்த ஒயரை ஈரக்கையால் தொட்டிருந்தால், அறுந்த வழிக்குப் பதிலாக அவர் உடம்பு திரும்பும் வழியாகியிருக்கும். இதைச் சொன்ன பிறகு அம்மா அந்த போர்டின் பக்கமே போகவில்லை. மெயினை அணைத்துவிட்டு, எங்கள் தெருவுக்கெல்லாம் வேலை பார்க்கும் ஒயர்மேன் அண்ணனுக்குப் போன் செய்தோம்.

எட்டு மணிக்கு வந்தார். அவரிடம் டெஸ்டரைவிட அவர் நம்பும் ஒரு பொருள் உண்டு, டெஸ்ட் லேம்ப். ஒரு ஹோல்டர், 100 வாட் குண்டு பல்பு, இரண்டு ஒயர். அவ்வளவுதான். "டெஸ்டர் எதுக்கும் எரியும் தம்பி. இது அரை ஆம்பியர் கேட்கும். கொடுக்க வழி இருந்தாத்தான் எரியும்" என்றார். மெயினைப் போட்டு, ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் அதை வைத்தார். எரியவில்லை. ஃபேசுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. பத்து வினாடியில் ஃபேஸ் நல்லது, நியூட்ரல் அறுந்தது என்று சொல்லிவிட்டார். மறுபடி மெயினை அணைத்து, பரணில் ஏறி, ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தார்.

அதை அவர் கீழே கொண்டுவந்து காட்டியபோது நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. நியூட்ரல் ஜாயின்ட் கருகி, இன்சுலேஷன் டேப் உருகி, தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் பாக்ஸின் மூடியில் உள்பக்கம் பழுப்பாக ஒரு வட்டம். டேப்பை நகத்தால் கீறியதும் சாம்பல் நிறத்தில் பொடி உதிர்ந்தது. ஒரு பக்கம் பழைய அலுமினிய ஒயர், மறுபக்கம் செப்பு ஒயர், இரண்டையும் கையால் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள்.

வீடு எண்பதுகளில் கட்டியது. அப்போது போட்ட ஒயர் அலுமினியம். ஹீட்டர் பல வருடம் கழித்து வந்தது. புதிதாகச் செப்பு ஒயர் இழுத்தவர், விளக்குக்குப் போன பழைய அலுமினியத்தோடு அதை முறுக்கிவிட்டுப் போய்விட்டார். அலுமினியத்தின் மேல் காற்று பட்டதும் ஆக்சைடு படலம் உண்டாகும், அது மின்சாரத்தைக் கடத்தாது. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரிவதும் இல்லை. தினமும் காலையில் சூடாகி, விரிந்து, ஆறி, சுருங்கி, முறுக்கு தளர்ந்துகொண்டே வரும். தளரத் தளர மின்தடை ஏறும், மின்தடை ஏற ஏற சூடு ஏறும்.

எவ்வளவு சூடு என்பதைக் கணக்குப் போட்டால்தான் விஷயம் உறைக்கும். ஹீட்டர் 2000 வாட். 230 வோல்ட்டில் அது 8.7 ஆம்பியர் இழுக்கும். அந்த முறுக்கில் அரை ஓம் மின்தடை ஏறிவிட்டது என்று வையுங்கள். மொத்தம் 27 ஓம், ஓட்டம் 8.5 ஆம்பியர். முறுக்கு எடுத்துக்கொள்ளும் வோல்டேஜ் நாலே கால் வோல்ட் சொச்சம். ஹீட்டருக்கு இன்னும் 225 கிடைக்கும், தண்ணீர் வழக்கம்போலச் சுடும், யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் அந்த முறுக்கில் எரியும் திறன் 8.5-ஐ 8.5-ஆல் பெருக்கி அரையால் பெருக்கினால் 36 வாட். ரேடியோ கடைகளில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். பரணில், மூடிய பிளாஸ்டிக் பாக்ஸுக்குள், ஒரு புளியங்கொட்டை அளவு இடத்தில், அதைவிடப் பெரிய சால்டரிங் அயர்ன் ஒன்றை அம்மா தினமும் இருபது நிமிடம் தெரியாமல் எரியவிட்டிருக்கிறார்.

அதே முறுக்கு வழியாக 9 வாட் எல்.இ.டி. விளக்கு மட்டும் எரிந்திருந்தால்? ஓட்டம் ஆம்பியரில் 25-ல் ஒரு பங்கு. முறுக்கில் சூடு ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஓட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு, பத்து மடங்கானால் நூறு மடங்கு. விளக்குக்குப் போட்ட ஒயரில் ஹீட்டரை மாட்டாதே என்று சொல்வதன் உள்ளர்த்தம் இந்தப் பெருக்கல்தான்.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஒன்று இருக்கிறது. அந்த ஜாயின்ட் முழுக்க நன்றாக இருந்தால் சூடே இல்லை, மின்தடை கிடையாது. முழுக்க அறுந்துவிட்டாலும் சூடே இல்லை, ஓட்டம் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் காலம்தான் வீட்டை எரிக்கும். அன்று காலை ஹீட்டர் நின்றது நல்லது. அதற்கு முந்தைய சில மாதங்கள்தான் பயப்பட வேண்டியவை.

மெயின் போர்டில் தானாக விழும் சுவிட்ச், எம்.சி.பி., இருக்கிறதே, அது விழாதா என்று அம்மா கேட்டார். விழாது. எம்.சி.பி. பார்ப்பது ஓட்டம் அளவு மீறுகிறதா என்று. லூஸ் கான்டாக்ட் ஒரு மின்தடை, அது வழியில் சேர்ந்தால் ஓட்டம் குறையும். 8.7 இருந்த இடத்தில் 8.5 போகும். எம்.சி.பி.யின் கண்ணுக்கு எல்லாம் முன்னைவிடப் பத்திரமாக இருக்கிறது. ஷார்ட் சர்க்யூட்டுக்கு அது நல்ல காவல், லூஸ் கான்டாக்ட்டுக்கு இல்லை. இதைத் தெரியாமல்தான் நம்மில் நிறைய பேர் எம்.சி.பி. போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்கிறோம்.

ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புச் சுவிட்ச் வேறு வகை. முன்னால் சொன்னேனே, போன ஓட்டம் அத்தனையும் திரும்ப வேண்டும் என்று, அந்த விதியையே அது காவலாக வைத்திருக்கிறது. ஃபேசில் போனதையும் நியூட்ரலில் வந்ததையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது யாரோ ஒருவரின் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். ஈரக்கையோடு தொட்டால் உடம்பின் மின்தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கும். 230-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர், உயிரைப் பறிக்க அதில் ஒரு பங்கே போதும். ஒயர்மேன் அண்ணன் அன்றே ஆர்.சி.சி.பி. போட்டுவிட்டார். குளியலறைக்கு மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரும் இழுத்தார்.

அன்று மத்தியானம் ஓம் பற்றி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். கியோர்க் சீமோன் ஓம், 1789-ல் ஜெர்மனியின் எர்லாங்கனில் பிறந்தவர். அப்பா பூட்டு செய்பவர், பையனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்ததும் அவரே. கொலோன் நகரப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்துகொண்டு ஓம் இந்தச் சோதனைகளைச் செய்தார். முதலில் வோல்ட்டா வகை மின்கலத்தை வைத்துப் பார்த்தார், சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே அதன் வலு மாறிக்கொண்டே போனது. இயற்பியலாளர் போகண்டார்ஃப் சொன்ன யோசனையின் பேரில், இரண்டு உலோகங்கள் சேரும் முனைகளின் வெப்ப வித்தியாசத்திலிருந்து மின்சாரம் தரும் வெப்ப மின்னிரட்டைக்கு மாறினார். பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த ஒரு முனை கொதிக்கும் தண்ணீரில், மறுமுனை பனிக்கட்டியில். கொதிநிலையும் உறைநிலையும் மாறாது, அதனால் அழுத்தமும் மாறாது.

ஒரே பருமனுள்ள எட்டுச் செப்புக் கம்பிகளை எடுத்தார். நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். ஒவ்வொன்றையும் சுற்றில் மாட்டி, திரும்பிய காந்த ஊசியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர, அதைத் தொங்கவிட்ட இழையை எவ்வளவு முறுக்க வேண்டியிருக்கிறது என்று அளந்தார். 1826 ஜனவரியில் எடுத்த ஒரு வரிசை அளவுகளில் 2 அங்குலக் கம்பிக்கு 326¾ வந்தது, 130 அங்குலக் கம்பிக்கு 48½. நீளம் 65 மடங்கு ஏறியிருக்கிறது. ஓட்டம் 65-ல் ஒன்றாகக் குறைந்திருக்க வேண்டாமா? ஏழில் ஒரு பங்குக்குக்கூட இறங்கவில்லை.

ஓம் அதற்கு எழுதிய சூத்திரம் நாம் பள்ளியில் ஒப்பித்த "வி ஈக்வல் டு ஐ ஆர்" இல்லை. ஓட்டம் என்பது, அழுத்தத்தை, கம்பி நீளத்தோடு 'பி' என்ற ஒரு எண்ணைக் கூட்டி வகுத்தால் வருவது என்று எழுதினார். அந்த 'பி' சுற்றின் மீதிப் பகுதி, அதாவது மின்னிரட்டையும் இணைப்புகளும் சேர்ந்து வைத்திருக்கும் மின்தடை. அவருக்கு அது 20¼ அங்குலக் கம்பிக்குச் சமமாக வந்தது. போட்டுப் பாருங்கள்: 2-ம் 20¼-ம் சேர்ந்தால் 22¼, 130-ம் 20¼-ம் சேர்ந்தால் 150¼. ஒன்றை ஒன்றால் வகுத்தால் ஆறே முக்கால். 326¾-ஐ 48½-ஆல் வகுத்தாலும் ஆறே முக்கால்தான். மறைந்திருந்த 20¼ அங்குலத்தைச் சேர்த்ததும் கணக்கு நேராகிவிட்டது.

அடுத்த ஆண்டு, 1827-ல், இதையெல்லாம் கணித வடிவில் புத்தகமாக்கினார். சொந்த நாட்டில் வரவேற்பு குளிர்ந்துபோய் இருந்தது, கொலோன் வேலையையும் விட்டார். 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் உரிய மரியாதை வந்தது. அவருக்கும் முன்னால் ஆங்கிலேய விஞ்ஞானி கேவென்டிஷ், மீட்டர் எதுவும் இல்லாத காலத்தில், தன் உடம்பில் ஷாக் வாங்கி அதன் வலுவை ஒப்பிட்டு இதே உறவை நெருங்கியிருந்தார். வெளியிடவில்லை. நூறு ஆண்டு கழித்து 1879-ல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைப் பதிப்பித்தார்.

எனக்கு அந்த 'பி'தான் மனதில் தங்கிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் மின்கலத்தின் அகமின்தடை என்ற பெயரில் அது வருகிறது, ஆனால் அதை வீட்டுச் சுவரோடு சேர்த்து யாரும் சொல்லித் தருவதில்லை. நிஜ வாழ்க்கையில் நாம் முட்டிக்கொள்வது பெரும்பாலும் அதோடுதான். ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து நம் பிளக் வரை உள்ள கம்பி, ஃபியூஸ் கட்டை, ஜாயின்ட், சுவிட்ச் எல்லாம் சேர்ந்து ஒரு 'பி'. எதுவும் ஓடாதபோது அது கண்ணுக்கே தெரியாது. ஓட்டம் வந்ததும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மோட்டார் போட்டதும் விளக்கு ஒரு நொடி மங்குகிறதே, அது 'பி' தன் பங்கை எடுக்கும் நொடி.

பட்டுக்கோட்டைப் பக்கம் சித்தப்பாவுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. வீட்டிலிருந்து நூறு மீட்டர் தள்ளி ஒரு குதிரைத்திறன் சிங்கிள் ஃபேஸ் மோட்டார். இரண்டு வருடமாக அவருக்கு ஒரே மனக்குறை. மோட்டார் முனகும், சுற்றாது, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், அந்தக் காயில், இரண்டு தடவை எரிந்து மறுபடி கட்டியாயிற்று. லோ வோல்டேஜ் என்று பெரிய ஸ்டெபிலைசர் வாங்கி மோட்டார் பக்கத்தில் வைத்தார். நிலைமை தேறவில்லை. "மோட்டார்கிட்ட மீட்டர் வச்சுப் பார்த்தேன், 215 காட்டுது. அப்புறமும் ஏன் எடுக்க மாட்டேங்குது?" என்றார்.

அம்மாவின் கேள்வியேதான், வேறு ஊரில், வேறு இயந்திரத்தோடு. மோட்டார் ஓடாதபோது அளந்திருக்கிறார். ஓட்டம் இல்லாத கம்பி எதையும் எடுத்துக்கொள்ளாது, அதனால் நூறு மீட்டர் தள்ளியும் வீட்டில் இருக்கும் அதே 215.

ஸ்டெபிலைசரை விலக்கிவிட்டு, ஒரு மல்ட்டிமீட்டரை வீட்டு போர்டில் என்னிடமும் இன்னொன்றை மோட்டார் பக்கத்தில் சித்தப்பாவிடமும் வைத்துக்கொண்டோம். போனில் பேசிக்கொண்டே மோட்டாரைப் போடச் சொன்னேன். முனகிய இரண்டு மூன்று வினாடிகளில் என் மீட்டர் 207-க்கு இறங்கியது. அவர் மீட்டரில் 176. ஊர் லைனில் போனது எட்டு வோல்ட், அவர் தோப்புக்கு இழுத்த ஒயரில் மட்டும் போனது 31 வோல்ட்.

அது 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர். கிலோமீட்டருக்கு ஏழரை ஓம் அளவு. போக நூறு, வர நூறு, ஆக 200 மீட்டருக்கு ஒன்றரை ஓம். திரும்பும் தூரத்தைக் கணக்கில் சேர்க்க மறப்பது சகஜம். மோட்டார் ஓடும்போது ஏழு ஆம்பியர்தான், பத்து வோல்ட்டோடு போய்விடும். ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இருபது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சுழலாத மோட்டார் வெறும் சுருள்தான், சுழல ஆரம்பித்த பிறகுதான் அது எதிர் அழுத்தம் உண்டாக்கி ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். கிளப்பும் முறுக்குவிசையோ வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230-க்குப் பதில் 176 கிடைத்தால் பத்தில் ஆறு பங்குகூடத் தேறாது. கிளம்ப முடியாமல் நின்றபடியே இருபது ஆம்பியருக்கு மேல் குடித்தால் காயில் எரியாமல் என்ன செய்யும்?

ஹீட்டருக்கு வோல்டேஜ் குறைந்தால் ஓட்டமும் குறையும், தண்ணீர் மெதுவாகச் சுடும், அவ்வளவுதான். மோட்டார் அப்படி இல்லை. அதே தண்ணீரை அதே உயரத்துக்கு ஏற்ற வேண்டும் என்பதால், வோல்டேஜ் குறையும்போது ஓட்டத்தைக் கூட்டி இழுக்கும். ஸ்டெபிலைசரும் அதே வழிதான். 190-ஐ 230 ஆக்கிக் கொடுக்க, ஏழு ஆம்பியர் கேட்கும் மோட்டாருக்காகக் கம்பியிலிருந்து எட்டரை இழுக்கும். கம்பி இன்னும் கூடுதலாகத் தின்னும். சித்தப்பா மருந்தென்று வாங்கி வைத்தது நோயைக் கூட்டியது.

6 சதுர மில்லிமீட்டர் ஒயர் மாற்றினோம். மின்தடை 0.6 ஓம் அளவுக்கு வந்தது. மறுபடி போட்டுப் பார்த்தபோது கிளம்பும் நொடியில் 195 பக்கம் நின்றது, முனகல் இல்லாமல் எடுத்துக்கொண்டது. சித்தப்பா வாய்க்காலில் கை வைத்துத் தண்ணீர் வரும் வரை அங்கேயே நின்றார்.

அம்மா வீட்டுக்குத் திரும்புகிறேன். வேலை முடிந்த பிறகு, பிளக்கில் மாட்டினால் வோல்டேஜ் எண்ணைக் காட்டும் சிறிய மீட்டர் ஒன்றை வாங்கிக் குளியலறைக்கு வெளியே உள்ள பிளக்கில் மாட்டினேன். அதுவும் ஹீட்டரின் அதே லைன்தான். ஹீட்டர் போடாதபோது 231. போட்டதும் 226. ஐந்து வோல்ட்டை எட்டரை ஆம்பியரால் வகுத்தால் 0.6 ஓம். அதுதான் அந்த வீட்டின் 'பி', ட்ரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் சேர்த்து. லைன் வோல்டேஜ் நேரத்துக்கு நேரம் மாறும் என்பதால், இரண்டு எண்ணையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். முதல் எண் என்ன என்பது பெரிதில்லை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம்.

அம்மா அதைப் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். வாரம் ஒரு தடவை, இரண்டு எண்கள். 229, 224. 233, 228. 225, 220. எந்த வாரமும் வித்தியாசம் ஐந்துதான். போன புரட்டாசியில் ஒரு நாள் காலை போன் செய்தார்.

"டேய், இன்னிக்கு பன்னெண்டு குறையுது. ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டேன். 231, 219. கரண்ட் எல்லாம் நல்லாத்தான் வருது, ஹீட்டரும் ஓடுது. ஆனா வழியில யாரோ எடுத்துக்கறாங்க."

ஹீட்டரை அணைக்கச் சொல்லி, ஒயர்மேன் அண்ணனை அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவரே அழைத்தார். மெயின் போர்டில் குளியலறை லைனுக்கான எம்.சி.பி.யின் டெர்மினல் ஸ்குரூ இரண்டு சுற்று தளர்ந்திருந்ததாம். ஒயரின் நுனியில் அரை அங்குலம் நிறம் மாறியிருந்தது, இன்சுலேஷன் இன்னும் இளகவில்லை. நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, இறுக்கிவிட்டார். அம்மா பக்கத்திலிருந்து ஹீட்டரைப் போட்டுப் பார்த்து எண்ணைச் சொன்னது போனில் எனக்குக் கேட்டது.

"232. இப்போ 227. எழுதிக்கறேன்."